தலைசிறந்த திரைப்படம் எது?

பள்ளி ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர்களுள் சிலர் வியக்கக்கூடும். "படிக்கிற பிள்ளைகளுக்குப் படப் பேச்சு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரின் கவலையும் எங்களுக்குப் புரியாமலில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மதிய உணவு வேளையிலும், பேருந்திலும், விடுதியிலும் எங்களிடையே ஓயாமல் நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டென்றால், அது "உலகிலேயே சிறந்த படம் எது?" என்பதுதான். இந்த வழக்கை முறையாக நடத்தினால் அதுவும் ஒரு கல்வியே என்பது எங்கள் துணிபு. அதை எடுத்துக்காட்டவே இச்சிறு கட்டுரையை எழுத முற்பட்டோம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சிறந்த படம் எது என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த படத்தின் பெயரையே சொல்கிறாள். பிடித்த படம் வேறு, சிறந்த படம் வேறு. பிடித்ததற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. ஆனால் "இதுவே சிறந்தது, நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நொடியிலேயே காரணம் காட்ட வேண்டிய கடமையும் வந்துவிடுகிறது. எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது என்பதுதான் முதற் கேள்வி.

வசூலே அளவுகோல் என்பர் சிலர். 2009-ஆம் ஆண்டு வெளிவந்த 'அவதார்' உலகம் முழுவதிலும் சேர்த்து மிகுதியான பணம் ஈட்டிய படம். ஆனால் பண மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கணக்கில் கொண்டால், 1939-இல் வந்த 'கான் வித் தி விண்ட்' அதனை முந்திவிடுகிறது. ஆகவே வசூல் என்பதே கணக்குப் போடும் முறைக்கேற்ப மாறும் ஒன்று. அன்றியும், கொட்டகைக்குள் எத்தனை பேர் நுழைந்தனர் என்பதைத்தான் வசூல் சொல்லும். வெளியே வரும்போது அவர்கள் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அது சொல்லாது.

பரிசே அளவுகோல் என்பர் வேறு சிலர். 'பென்ஹர்' (1959), 'டைட்டானிக்' (1997), 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாம் படம் (2003) ஆகிய மூன்றும் பதினொரு ஆஸ்கார் பரிசுகள் பெற்றவை. ஆனால் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்காரை ஒருமுறைகூடப் பெற்றதில்லை. 1941-இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' ஒன்பது பிரிவுகளில் முன்மொழியப்பட்டு, திரைக்கதைக்காக ஒரே ஒரு பரிசைத்தான் வென்றது. அந்தப் படத்தையே பிற்காலத்து அறிஞர்கள் உலகின் முதற் படமாகத் தேர்ந்தெடுத்தனர். ஆண்டுப் பரிசு அந்த ஆண்டுக்கு உரியது. எக்காலத்துக்கும் உரிய தீர்ப்பை அதனிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

அப்படியானால் கற்றறிந்தோரைக் கூட்டி வாக்கெடுத்தால் என்ன? அதுவும் நடந்துதான் இருக்கிறது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிடும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் இதழ், 1952 தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விமரிசகர்களிடம் வாக்குக் கேட்டு வருகிறது. ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயர்களைத் தர வேண்டும். மிகுதியான வாக்குப் பெற்ற படம் முதலிடம் பெறும். உலகில் இத்தகைய வாக்கெடுப்புகளில் பெருமதிப்புக்குரியது இதுவே.

அதன் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். 1952-இல் முதலிடம் பெற்றது இத்தாலியப் படமான 'சைக்கிள் திருடர்கள்'. விட்டோரியோ டி சிக்கா 1948-இல் எடுத்த படம் அது. அந்த ஆண்டு 'சிட்டிசன் கேன்' முதற் பத்து இடங்களுக்குள்கூட வரவில்லை. ஆனால் 1962-இல் அதுவே முதலிடத்துக்கு ஏறி, 1972, 1982, 1992, 2002 என ஐந்து வாக்கெடுப்புகளில் அசையாமல் வீற்றிருந்தது. இதற்கிடையே 1972-இலேயே 'சைக்கிள் திருடர்கள்' முதற் பத்திலிருந்து இறங்கிவிட்டது. 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) முதலிடம் பெற்றது. வெளிவந்த காலத்தில் அந்தப் படத்தைக் குறை கூறியவர்களும் பலர். 2022-இலோ எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெல்ஜியம் நாட்டுப் பெண்மணி ஷாந்தால் அக்கர்மான் 1975-இல் எடுத்த 'ழான் டீல்மான்' முதலிடம் பெற்றது. முந்தைய வாக்கெடுப்பில் முதல் முப்பது படங்களிலும் இடம்பெறாத படம் அது! அதற்கு முன் பெண் இயக்குநர் ஒருவரின் படம் முதற் பத்துக்குள் வந்ததே இல்லை.

எழுபது ஆண்டுகளில் நான்கு முதற் படங்கள்! இதைக் கண்டு, "பார்த்தீர்களா, இந்தப் பட்டியல்களுக்கே மதிப்பில்லை, ஆளுக்கொரு விருப்பம், அவ்வளவுதான்" என்று சிலர் கைகழுவி விடுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. படங்கள் மாறவில்லை. சுருளில் பதிந்தது பதிந்தபடியேதான் இருக்கிறது. மாறியவர்கள் பார்ப்பவர்கள். 1952-இல் வாக்களித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2012-இல் 846 பேர். 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டோர். பெண்களும், பல நாட்டவரும், இளையவர்களும் முன்னைவிட மிகுதியாகக் கேட்கப்பட்டனர். கேட்கப்படும் வட்டம் விரிந்ததும் விடையும் மாறியது.

இங்கேதான் இந்த வழக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் எங்கள் வாழ்வைத் தொடுகிறது. 'ழான் டீல்மான்' எதைப் பற்றிய படம் தெரியுமா? பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரே மகனுடன் வாழும் விதவைத் தாய் ஒருத்தியின் மூன்று நாள் வாழ்க்கை. படம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அவள் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், மகனின் காலணிக்கு மெருகிடுகிறாள், ஓர் அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். கேமரா அசையாமல் நின்று அத்தனையையும் பார்க்கிறது. இரண்டாம் நாள் அடுப்பில் கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அச்சிறு தவறே அவள் உள்ளம் குலையத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அவள் பிழைப்புக்கு நாடிய வழியும் கதையின் முடிவும் துயரமானவை. ஆதலால் இது பெரியவர்களுக்கே உரிய படம்; மாணவியர் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சிறு வயதில் தம் தாயிடமும் உறவுப் பெண்களிடமும் கண்ட அசைவுகளையே படமாக்கியதாக அக்கர்மான் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. முதலிடம் கிடைத்ததைக் காண அவர் இல்லை, 2015-இலேயே காலமாகிவிட்டார்.

"பாத்திரம் துலக்குவதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டவர்களும் உண்டு. போர்க்களமும், தேரோட்டமும், செல்வரின் மாளிகையும் படத்துக்குரிய பொருள். அடுக்களை மட்டும் அன்று என்று யார் விதித்தது? எங்கள் அன்னையர் விடியற்காலையில் எழுந்து செய்யும் வேலைகளை நாள்தோறும் கண்டும் காணாமல்தானே வீட்டில் எல்லோரும் கடந்து போகிறார்கள்? அவற்றை மூன்று மணி நேரம் கண்கொண்டு பார்க்கச் செய்த ஒரு படத்துக்கு முதலிடம் தர, அவ்வேலையின் அருமையை அறிந்தவர்களும் வாக்களிக்க வேண்டியிருந்தது. எவரைக் கேட்கிறோம் என்பது எத்துணை முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டிலாயினும் ஊரிலாயினும் சிறந்தது எது என்று முடிவு செய்யும்போது, எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்.

அப்படியென்றால் எந்தப் படமும் எந்தப் படத்துக்கும் சமமா? இல்லவே இல்லை. பார்வை விரிந்தது என்பதற்காகத் தரம் இல்லாமல் போய்விடாது. பழைய முதற் படங்கள் இறங்கின என்றாலும் மறக்கப்படவில்லை. இவ்விடத்தில் திருச்சபை காட்டிய வழி ஒன்று நினைவுக்கு வருகிறது. சினிமா தோன்றிய நூறாம் ஆண்டான 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைத் தேர்ந்து வெளியிட்டது. சமயம், வாழ்க்கை நெறி, கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்குப் பதினைந்து படங்கள். சமயப் பிரிவில் டிரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) இருக்கிறது. நெறிப் பிரிவில் 'சைக்கிள் திருடர்கள்' இருக்கிறது. கலைப் பிரிவில் 'சிட்டிசன் கேன்' இருக்கிறது. ஆனால் முதலாவது, இரண்டாவது என்ற வரிசை எண் கிடையாது. ஒரே தராசில் எல்லாவற்றையும் நிறுக்க இயலாது என்பதை இந்தப் பட்டியல் அமைதியாக உணர்த்துகிறது அல்லவா?

ஆகையால் தோழிகளே, இந்த வழக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. செம்மையாக நடத்துவோம் என்றே சொல்கிறோம். அதற்கு மூன்று விதிகள் போதும். முதலாவது, முழுவதும் பாராத படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டாவது, "நடிகர் நன்றாக இருந்தார்" என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் காட்சி, எதனால் உயர்ந்தது என்று காட்ட வேண்டும். மூன்றாவது, எதிரணியின் படத்தில் உள்ள நல்லதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடித்தால், படத்தைப் பற்றிய பேச்சு பிற்காலத்தில் மனிதரைப் பற்றியும் நிதானமாகத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைத் தரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் வாக்கை மறைப்பது அழகன்று. எங்கள் வாக்கு 'சைக்கிள் திருடர்கள்' படத்துக்கே. போருக்குப் பின் வேலையின்றி வாடும் ரோம் நகரத் தந்தை ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறான். முதல் நாளே அது களவு போகிறது. சிறு மகனைக் கைப்பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் தேடி அலைகிறான். கிடைக்காமல் போகவே, இறுதியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று மகன் கண்முன் பிடிபடுகிறான். அழுது நிற்கும் சிறுவனைக் கண்டு இரங்கிய சைக்கிள்காரர் அவனை விட்டுவிடுகிறார். கூட்டத்தில் தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை அந்த மகன் பற்றிக்கொள்கிறான். தந்தையாக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூட அறியாதவருக்கும் அந்தக் கை பேசுவது விளங்கும். திருடனைப் பழிப்பது எளிது. அவன் கையைப் பற்றுவது அரிது. அந்த அரிய செயலைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் எங்களுக்குக் கற்பித்த படத்துக்கு மேலாக இன்று ஒன்றை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

"இன்று" என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதினோம். கற்றறிந்தோரே பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பார்த்து மறுபடியும் வாக்களிக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் நாங்களும் வேலைக்குச் சென்றிருப்போம்; சிலர் தாயாராகியிருப்போம்; சிலர் துறவு பூண்டிருப்போம். அப்போது எங்கள் வாக்கு வேறாக இருக்கலாம். உங்கள் வாக்கு எது? காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.