1559-இல் சூரியன் உதித்ததா?

கார்த்திகை தீபத்தன்று திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஜனங்கள் மேற்கே அண்ணாமலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறார்கள். மலைமேல் நெருப்பு மூட்டுவது நமக்கு மட்டுமே அருளப்பட்ட மகிமை என்பது அவர்கள் எண்ணம். கடல் கடந்து மெக்சிகோ தேசத்தில் ஆஸ்டெக் என்னும் ஜனங்களும் இதே கார்த்திகை மீன்களைப் பார்த்தே குன்றின்மேல் நெருப்பு மூட்டினார்கள். உடனே, தமிழன்தான் அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்தான் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அதற்கு ஆதாரம் கிடையாது.

அவர்கள் காட்டுமிராண்டிகளல்ல. ஏரி நடுவே டெனோச்டிட்லான் என்ற தலைநகரைக் கட்டியவர்கள். ஏரிச் சேற்றை வாரி மேடாக்கி அதில் மக்காச்சோளமும் மிளகாயும் தக்காளியும் விளைத்தவர்கள். குடியானவன் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் நம் நாட்டில் யார் யாருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு புத்தியுள்ளவர்கள், 52 வருஷத்துக்கு ஒருமுறை உலகம் அழியக்கூடும் என்று நடுங்கினார்கள். அன்றிரவு ஊரெங்கும் அடுப்பை அணைப்பார்கள், சட்டிபானைகளை உடைப்பார்கள், கர்ப்பிணி மிருகமாகி விடுவாள் என்று அவளுக்கு முகமூடி போட்டுக் குதிருக்குள் அடைப்பார்கள், தூங்கினால் எலியாகி விடும் என்று குழந்தைகளை உலுக்கி எழுப்புவார்கள். நள்ளிரவில் அந்த மீன்கள் உச்சியைத் தாண்டியதும், பூசாரி ஒரு மனிதனின் மார்பின்மேல் தீக்கடைந்து, அந்த மார்பைப் பிளந்து இருதயத்தை நெருப்பிலிடுவான். இனிச் சூரியன் உதிக்கும் என்று ஜனங்கள் ஆனந்தப்படுவார்கள். பிளக்கப்பட்டது பூசாரி மகனின் மார்பல்ல; யுத்தத்தில் பிடிபட்டவனுடையது.

கார்த்திகை மீன்கள் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஒவ்வொரு வருஷமும் அதே பருவத்தில் நடக்கிற காரியம். இரவெல்லாம் வானத்தை அளந்த பூசாரிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

கடைசியாக இது நடந்தது 1507-இல். அடுத்தது 1559-இல் நடக்க வேண்டும். அதற்குள் 1519-இல் கோர்ட்டெஸ் என்ற ஸ்பெயின்காரன் வந்தான். (அவனும் யோக்கியனல்ல, சிலுவையைக் காட்டிப் பொன்னைக் கொள்ளையிட்டவன்.) ஸ்பெயின்காரர்களோடு வந்த அம்மை நோய் பாதி வேலையை முடித்தது. 1521 ஆகஸ்டில் நகரம் விழுந்தது, கோயில் இடிந்தது, பூசாரியின் அதிகாரமும் போயிற்று. 1559-இல் யார் மார்பும் பிளக்கப்படவில்லை. மறுநாள் காலையில் சூரியன் உதித்தது. மக்காச்சோளமும் விளைந்தது.

இதைப் படித்து நாம் சிரிக்கலாமா? 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் காலை 8 மணி முதல் இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம்! ஆஸ்டெக் ஜனங்களும் கிரகணத்தில் இதே உதட்டுக்குப் பயந்துதான், கர்ப்பிணியின் வயிற்றருகே ஒரு கருங்கண்ணாடிக் கல்லை வைத்தார்கள். அவர்களாவது கல்லோடு விட்டார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். "ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போப்பா, இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள் மாமியார். சுவரில் ஒரு காலண்டர் தொங்கிற்று. கிரகணம் பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் நிமிஷம் பிசகாமல் கணக்கிட்டு அச்சடித்தவன், அதன் கீழேயே கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது என்றும் அச்சடித்திருந்தான்.

உள்ளே அவள் மயங்கி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. கிரகணம் அதற்கு அரைமணி முன்பே விட்டிருந்தது.