மலிவு மாத்திரை என்றால் மட்டமா?

“ஜி.ஹெச். மாத்திரையா... அது வெறும் சுண்ணாம்புங்க!”

திண்டிவனமோ, விழுப்புரமோ... எந்தத் தெருவிலும் காதில் விழுகிற பேச்சுதான் இது. விலை குறைந்தால் வீரியமும் குறைஞ்சு போயிடும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அது ஏன் மலிவு, தெரியுமா? 1994-ல் ‘தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக’த்தை அரசு தொடங்கியது. கட்டாயம் தேவைப்படுகிற மருந்துகளுக்கு ஒரு பட்டியல். கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் மூலப் பெயரில் டெண்டர். மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல். கல்யாணத்துக்கு மூட்டையாக அரிசி எடுப்பவருக்கும் கிலோ கணக்கில் வாங்குபவருக்கும் ஒரே விலையா சொல்வார்கள்? விளம்பரச் செலவும் இதில் கிடையாது.

தரம்? கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தொடர்ந்து தவறு செய்யும் கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். கேரளாவும், 2011-ல் ராஜஸ்தானும் இதே வழியில் கழகம் அமைத்ததே நல்ல சர்டிபிகேட்!

செலவுக்குக் கடிவாளமும் உண்டு. வருடத்துக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வீட்டு பட்ஜெட் மாதிரிதான்.

ஆனால், இங்கேதான் நாம் விழிப்பாக இருக்கணும். சிக்கனம் வேறு, பற்றாக்குறை வேறு. “ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க” என்று ஒரு பிரஷர் நோயாளியிடம் சொன்னால் அரசுக்கு மிச்சமாவது சில ரூபாய். கையில் காசில்லாமல் அவர் மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் படுத்துவிட்டால்? முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆகும் செலவும் அரசுப் பணம்தானே! எனவே, ஊரில் சர்க்கரை, பிரஷர்காரர்கள் பெருகப் பெருக பாஸ்புக் தொகையும் பெருகத்தான் வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது என்ன? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கௌரவம் பார்க்காமல் விசாரியுங்கள். தனியார் டாக்டரிடம் போனாலும், “இதே மருந்து மூலப் பெயரில் கிடைக்குமா டாக்டர்?” என்று கேளுங்கள். தப்பே இல்லை! ஆனால், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை மாற்றாதீர்கள்.

ஜி.ஹெச்.சில் மருந்து இல்லையென்றால், முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வராதீர்கள். ‘ஏன் இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள். அது உங்கள் வரிப்பணத்தில் வாங்கிய மருந்து.