ஆள்காட்டி விரல் என்ன விலை?

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு கல் பிள்ளையாரை பேரம் பேசி வாங்கியும் இருப்பீர்கள். அதைச் செதுக்கிய விரல் என்ன விலை என்று கேட்டதுண்டா?

சிரிக்காதீர்கள். அதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அரசாங்கம் போட்டது. வேலையில் கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. சம்பாதிக்கும் திறன் அவ்வளவு குறைந்துவிட்டதாக அர்த்தம். 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த அட்டவணை இது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடச் சொல்கிறது. வயது 25. மாதச் சம்பளம் 10,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 6,000. இதை அந்த வயதுக்குரிய 216.91-ஆல் பெருக்கினால் 13,01,460. அதில் 14 சதவீதம், 1,82,204 ரூபாய். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளி தரவேண்டிய தொகை இது. இ.எஸ்.ஐ. இருந்தால் வைத்தியம் உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு, ஊனத்தின் அளவுக்கேற்ப ஆயுசுக்கும் பணம் உண்டு.

ஆனால் மறைமலை நகரிலோ செங்கல்பட்டிலோ ஒரு காண்ட்ராக்ட் பையனுக்கு பிரஸ் மெஷினில் விரல் போனால், அவன் காதில் முதலில் விழுவது இந்தக் கணக்கா? ‘பாத்து செஞ்சிருக்கணும் தம்பி!’

இதுதான் மோசடி. யாருடைய கவனக்குறைவு என்று இந்தச் சட்டம் கேட்பதே இல்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு, அவ்வளவுதான். குடித்திருந்தான், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினான் என்பது போன்ற ஒரு சில விலக்குகள் உண்டு. ஆயுசுக்கும் முழு ஊனம் என்றாலோ, ஆள் இறந்துபோனாலோ அவையும் எடுபடாது.

இன்னொன்று. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி பிரஸ்ஸை அமைக்க முடியும். அப்போது கை உள்ளே இருக்க வழியே இல்லை. உற்பத்தி வேகம் குறைகிறது என்று ஒரு பட்டனைக் கட்டிவைக்கச் சொல்வது யார்? அந்தப் பையனா?

‘காண்ட்ராக்டரைக் கேள்’ என்பது அடுத்த பாட்டு. அதுவும் செல்லாது. வேலை யாருக்காக நடந்ததோ அவரும் பொறுப்பு. கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும். இ.எஸ்.ஐ.யில் பெயரே பதியவில்லையா? அது தொழிலாளியின் குற்றமில்லை.

சரி, 14 சதவீதத்தோடு முடிந்ததா? ஒடிசாவில் 1968-ல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ‘இது பாதி ஊனம்தான்’ என்று வாதாடினார் முதலாளி. 1975-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே முழு ஊனம். பணம் விபத்து நடந்த நாளிலிருந்தே பாக்கி என்றும் சொன்னது.

இப்போது மாமல்லபுரத்துக்கு வாருங்கள். ஒரு கையில் உளி, மறு கையில் சுத்தியல். உளியைப் பிடிக்கும் கையில் கட்டை விரல் இல்லாத சிற்பிக்கு 30 சதவீதம் மட்டும்தான் நஷ்டமா? மிச்சம் 70 சதவீதத்தை வைத்து அவர் எதைச் செதுக்குவார்? பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. அங்கே அவருக்கு இருக்கும் ஒரே பிடி இழப்பீட்டுச் சட்டம்தான். அட்டவணை விரலைப் பார்க்கிறது. தீர்ப்பு தொழிலைப் பார்த்தது. தீர்ப்பின் பக்கம் சட்டம் வரவேண்டும்.

அதுவரை, உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி ஆனால், நாலு விஷயம் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரியில் ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதவிடாதே. தொழிலாளர் துறையில் மனு கொடு. ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் 12 சதவீத வட்டி கேள். நியாயமில்லாத தாமதம் என்றால் பாதி வரை அபராதமும் உண்டு.

கவரில் வைத்துக் கொடுக்கும் இருபதாயிரம் கருணையே இல்லை சார். கடனில் அடிக்கும் தள்ளுபடி!