கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

"அம்மாவும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தீர்களா? இன்றைக்கு என்ன குழம்பு, பேரனுக்குச் சளி விட்டதா, தண்ணி லாரி வந்ததா. இருக்கிற வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் கட்டிய வீடுகள் ஏராளம். அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடுகிறார். காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அம்மா கூப்பிடுகிறாள்: "ஆதார் கார்டு எடுத்துக்கினு வாம்மா, ஒரு கையெழுத்துதான்." போனால் சார்பதிவாளர் ஆபீஸில் தம்பி விடுதலைப் பத்திரத்தோடு நிற்கிறான். மகள் அதை அங்கேதான் முதன்முதலில் பார்க்கிறாள்.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்கு உரிமை தந்தது. அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு இருந்த தடை 2005 மத்தியத் திருத்தத்தில் போயிற்று. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு வந்தது நம் வீட்டுப் பேச்சுக்கு இன்னும் வரவில்லை.

"நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பார்கள். செய்தீர்கள். ஆனால் சீர் வேறு, பங்கு வேறு. "மகன்தானே கடைசிவரை சோறு போடுகிறான்" என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பயத்திலேயே பல தாய்மார்கள் தங்கள் பங்கையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு ஒரு மாத்திரைக்கும் மகன் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். மதாம் தெ செவிஞே என்ற சீமாட்டியின் கடிதங்கள் பிரெஞ்சு இலக்கியத்தில் பேர்போனவை. 1671-ல் மகள் புருஷன் ஊருக்குப் போனதிலிருந்து பாசத்தைக் கொட்டி எழுதினாள். அதோடு கடன், வரவு, செலவு என்று பணக்கணக்கையும் மறைக்காமல் எழுதினாள். பாசம் குறைந்துவிடவில்லை.

மகள் பங்கு கேட்டே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்கும் மகள்கள் எத்தனையோ பேர். ஆனால் தெரிந்து கொடுப்பதுதான் கொடை. தெரியாமல் வாங்கிக்கொள்வதற்குப் பேர் வேறு. பதிவான பத்திரத்தைப் பிறகு ரத்து செய்வது லேசான காரியமும் அல்ல.

ஆகையால் தாய்மார்களே, பத்திரம் டைப் அடிக்கக் கொடுக்கும் முன்பே மகளைக் கூப்பிட்டு, உனக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது, என்ன செய்யலாம் சொல்லு என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேளுங்கள்.