சோற்றையும் பருப்பையும் பிரிக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சில மாதங்களாக ஒரே செய்தி வேறு வேறு வடிவில் என் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. மாவுச்சத்து செரிக்கக் காரத்தன்மை வேண்டுமாம், புரதம் செரிக்க அமிலம் வேண்டுமாம். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டால் ஒன்றை ஒன்று முறித்து, உணவு வயிற்றிலேயே அழுகிவிடுமாம். ஆகவே சோற்றோடு பருப்பு, முட்டை, தயிர் எதுவும் சேர்க்கக் கூடாதாம். அனுப்பியவர்களில் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்களும் உண்டு! என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இது தவறான செய்தி. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கேடு விளைவிக்கும் செய்தி.

நம் உறவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இதை நம்பி, சோறு சாப்பிடும் வேளைகளில் பருப்பையும் தயிரையும் அறவே விட்டுவிட்டார். பல் சரியில்லாததால் சுண்டலும் கறியும் ஏற்கெனவே கிடையாது. மிஞ்சியது ரசஞ்சோறு. மூன்று மாதத்தில் ரவிக்கை தொளதொளத்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. பிள்ளைகள் "வயசாயிடுச்சு" என்று நினைத்துக்கொண்டார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இதை "நம் முன்னோர் சொன்னது" என்று போட்டு அனுப்புகிறார்கள். மாவுச்சத்தையும் புரதத்தையும் பிரித்துச் சாப்பிடும் முறையை 1920, 30களில் பரப்பியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஹோவர்ட் ஹே என்ற மருத்துவர். நம் முன்னோர் பந்தியில் முதலில் பரிமாறியது பருப்பும் நெய்யும்தானே? குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கும்போது பிசைந்து கொடுப்பதும் பருப்புச் சாதம்தான்.

சரி, உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

வாயில் தொடங்குவோம். வகுப்பில் செய்த சோதனை நினைவிருக்கிறதா? இரண்டு சோதனைக் குழாய்களில் சோற்றுக் கஞ்சி எடுத்து, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் சேர்த்து, சிறிது நேரம் கழித்து அயோடின் விட்டோம். உமிழ்நீர் சேராத குழாய் கருநீலமானது. மற்றதில் நிறம் வெளுத்திருந்தது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பதும் இதனால்தான்.

அடுத்து இரைப்பை. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. அமிலம் பட்டதும் உமிழ்நீர் அமைலேஸ் வேலையை நிறுத்திவிடும். அந்தச் செய்தியில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். ஆனால் அதனால் சோறு அழுகுவதில்லை. இரைப்பை அதைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அந்த அமிலத்தில் பெரும்பாலான கிருமிகளே தாக்குப்பிடிப்பதில்லை. அழுகுவது எங்கே?

முக்கியமான வேலை நடப்பது சிறுகுடலின் தொடக்கத்தில், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்சிறுகுடலில். கணையத்திலிருந்து ஒரு சாறு இங்கே வந்து சேர்கிறது. அதிலுள்ள பைகார்பனேட், இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தைச் சமன்படுத்துகிறது. அதே சாற்றில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின், கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் மூன்றும் இருக்கின்றன. டிரிப்சின் மட்டும் செயலற்ற வடிவில் வந்து, குடலுக்குள் செயல்படத் தொடங்கும். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒரு வேளைக்கு ஒரு சத்துதான் தாங்கும் என்றால் கணையம் ஏன் மூன்று நொதிகளையும் ஒன்றாக அனுப்ப வேண்டும்? இந்த ஒரு கேள்வியே அந்தச் செய்திக்குப் போதுமான பதில்.

கல்லீரலில் உருவாகி, பித்தப்பையில் சேமிக்கப்படும் பித்தநீரும் இங்கேதான் வருகிறது. அதில் செரிமான நொதி கிடையாது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையை அது செய்கிறது. கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக்கி, லிப்பேஸ் எளிதாக உடைக்க வழிசெய்கிறது. கடைசியில் குடலுறிஞ்சிகள் வழியாகக் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியாகச் சுற்றிவந்து இரத்தத்தில் சேர்கிறது. ஆளுக்கொரு பாதை, இடைஞ்சல் இல்லை.

இன்னொன்று. இயற்கை தரும் உணவே பெரும்பாலும் கலவைதான். தாய்ப்பாலில் மாவுச்சத்து வகையைச் சேர்ந்த லாக்டோஸ், புரதம், கொழுப்பு மூன்றும் உண்டு. 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம், பாதிக்கு மேல் மாவுச்சத்து. அரிசியிலும் 7 கிராம் போலப் புரதம் இருக்கிறது. பருப்பிலிருந்து மாவுச்சத்தை யார் பிரிப்பது?

சேர்த்துச் சாப்பிடுவதில் லாபமும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. அதோடு, வெறுஞ்சோற்றைவிடப் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சோறு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும். இரத்தச் சர்க்கரையும் சட்டென்று ஏறாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பருப்பைத் தள்ளிவிட்டு ரசஞ்சோறு சாப்பிடுவது எவ்வளவு பெரிய முரண் என்று பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 40 கிராம். நாள் முழுக்க 200 கிராம் அரிசி சாப்பிட்டால் 14 அல்லது 15 கிராம் கிடைக்கும். 60 கிராம் பருப்பில் 13 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லியில் இன்னொரு 13. எல்லாம் சேர்ந்தால்தான் தேவையை எட்டுகிறது. பருப்பையும் பாலையும் தயிரையும் எடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். உடம்பு அந்தக் குறையைத் தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதுமையில் இழந்த தசையை மீட்பது எளிதல்ல. அது போனால் நடை தள்ளாடும், விழுந்தால் எலும்பு முறியும்.

உண்மையாகவே சில உணவு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்கு வயிறு உப்பும். பித்தப்பையில் கல் இருந்தால் எண்ணெய்ப் பண்டம் வலியைக் கிளப்பலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் ஆளைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனைகள். ஊருக்கெல்லாம் ஒரே செய்தி அனுப்பிச் சொல்லும் விஷயமல்ல.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று அம்மா அப்பாவுக்குப் போன் செய்யும்போது "சாப்பிட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பருப்பு, முட்டை, தயிர், மீன் என்று ஏதாவது ஒன்று பதிலில் இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் ஏன் என்று விசாரியுங்கள். பல் வலியாக இருக்கலாம், விலைவாசியாக இருக்கலாம், நீங்களே அனுப்பிய ஒரு வீடியோவாகவும் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்