சாப்பிட்டும் சக்தி இல்லையா?

"வேளாவேளைக்குச் சாப்பிடறே, ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டேங்கறே!" என்று என் பெண்ணைத் திட்டாத நாள் கிடையாது. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிவிட்டு வந்தால் பையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். மாடியில் காய்ந்த துணியை எடுத்து வரச் சொன்னால் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பாசாங்கு என்றே நினைத்தேன். தீபாவளிக்கு வந்திருந்த நாத்தனார் எதிரில் "சோம்பேறி" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் படியிலேயே கண் இருட்டி விழப் பார்த்தாள். பதறிப்போய் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.2 கிராம். 12 ஆவது இருக்க வேண்டுமாம்! "மாதவிலக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எட்டு நாள்" என்றாள் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நல்லாத்தானே சாப்பிடறா?" என்றேன்.

"சாப்பாடு விறகும்மா. காத்து இல்லாம அடுப்பு எரியுமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெண்ணே உயிரியல் புத்தகத்தைப் பிரித்து விளக்கினாள். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சகோதரிகளே.

நாம் சாப்பிடும் இட்லியும் சோறும் குளுகோஸாகி, ரத்தத்தின் வழியே ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. ஆனால் அது ஐந்நூறு ரூபாய் நோட்டு மாதிரி. பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் சிடுசிடுப்பாரே! சில்லறையாக மாற்றியாக வேண்டும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏ.டி.பி. கை தூக்குவதற்கும் இதயம் துடிப்பதற்கும் செலவாவது இதுதான். இதைச் சேர்த்து வைக்க முடியாது. அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் செல்லின் திரவத்தில் குளுகோஸ் இரண்டு துண்டாக உடைகிறது. இதற்குப் பிராணவாயு வேண்டாம். ஆனால் கையில் நிற்பது 2 ஏ.டி.பி.தான். அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி அறைக்குள் போய், பிராணவாயுவின் துணையோடு படிப்படியாகச் சிதைந்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக முடியும்போது மொத்தம் சுமார் 30 கிடைக்கிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! இந்தப் பிராணவாயுவைச் சுமந்து வருவது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். அந்தக் குட்டி அறையின் வேலைக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால், தட்டு நிறையச் சாப்பிட்டாலும் சில்லறைத் தட்டுப்பாடுதான். இது தெரியாமல் நான் குழந்தையைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஊருக்கெல்லாம் பிராணவாயு சுமக்கும் சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாதாம். சுமப்பதில் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல், அந்த 2 சில்லறையிலேயே காலம் தள்ளுகிறது. "உன்னை மாதிரிதாம்மா" என்று சிரித்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியைத் தின்றே பழகியவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஏ.டி.பி.யை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பீமவரத்தில் பிறந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்தபோது செய்த ஆராய்ச்சி அது. பிறகு 1940-களில் போலிக் அமிலத்தைத் தயாரித்துக் காட்டியதும் அவர் தலைமையிலான குழுதான். அந்தச் சத்து குறைந்தாலும் ரத்த சோகை வரும். என் பெண்ணுக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையிலும் அது சேர்ந்திருக்கிறது.

மாத்திரை போடும் நேரத்தில் காபி, டீ கூடாது. அவை இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அதிகப் போக்குக்கும் டாக்டரம்மா தனியாக மருந்து கொடுத்தார்.

மூன்று மாதத்தில் 11.6 ஆகிவிட்டது. போன வாரம் மாடித் துணியை அவளாகவே எடுத்து வந்தாள். "நீயும் டெஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று ஒரே பிடிவாதம். பண்ணிக்கொண்டேன். 9.4!

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே அட்டையிலிருந்து ஆளுக்கொரு மாத்திரை.