பாரம் தூக்க இயந்திரம் வரட்டும். ஆளைக் குறைக்க வேண்டாம்



வயோதிபர்களையும் நோயாளர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நமது தோட்டப் பெண்கள் பல வருடங்களாக மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். இப்போது ஜப்பானுக்கும் வழி திறந்திருக்கிறது. திறன்பெற்ற தொழிலாளர்களை அனுப்புவதற்கு 2019இல் இலங்கையும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. அதே ஜப்பான்தான் பராமரிப்பு ரோபோக்களுக்கும் பேர்போன நாடு. "எல்லாவற்றையும் ரோபோ செய்யுமென்றால் நம் பிள்ளைகள் ஏன் இந்த வேலையைப் படிக்க வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

அங்கே நடந்ததைப் பார்ப்போம். மறதி நோயுள்ள முதியோரின் மடியில் வைக்க, கடல்நாய்க்குட்டி உருவில் 'பாரோ' என்ற ரோபோ செய்யப்பட்டது. படுக்கையிலிருந்து ஆளைத் தூக்க இன்னொரு இயந்திரம் வந்தது. ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஒரு முதியோர் இல்லத்தில் பல மாதங்கள் இருந்து இவற்றைக் கவனித்தார். தூக்கும் இயந்திரத்தை அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போவதிலேயே நேரம் போகிறது, முதியவருடன் பேச நேரமில்லை என்று ஊழியர்கள் சில நாட்களிலேயே அதை ஒதுக்கிவிட்டார்கள். ரோபோவைக் கவனிப்பதே ஒரு மேலதிக வேலையாகிவிட்டது.

இதற்காக இயந்திரமே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்து திரும்பிவரும் பெண்களை நாம் அறிவோம். சுலபமாகக் கையாளக்கூடிய நல்ல தூக்கி அவர்களுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் இயந்திரம் நமக்குப் புதிதல்ல. மலைக்குக் கொழுந்து வெட்டும் கத்திரியும் இயந்திரமும் வந்தபோது நாம் கேட்ட கேள்வி, ஒரு பேருக்கான கிலோ கூடுமா, உடம்பு நோவு குறையுமா என்பதுதான். மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்கு என்ற அந்தக் கேள்வியைப் பராமரிப்பு வேலையிலும் கேட்க வேண்டும்.

நமது பிள்ளைக் காம்பராவை எண்ணிப் பாருங்கள். தொட்டிலை மின்சாரத்தால் ஆட்டலாம். சுவரில் கமரா பூட்டலாம். எந்தப் பிள்ளை இரவு தூங்கவில்லை, எது பால் குடிக்கவில்லை, எதன் அழுகை பசி, எதன் அழுகை காய்ச்சல் என்று அறிந்தவர் ஆயாதான். மகள் வெளிநாட்டிலிருக்க லயத்தில் தனித்திருக்கும் தாய்க்குக் கைத்தொலைபேசியில் முகம் பார்ப்பது ஆறுதல்தான். அவரைக் குளிப்பாட்டவும் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவும் ஒரு ஆள் வேண்டும்.

இந்த வேலை இயல்பாகவே பெண்களுக்கு வரும், படிப்பு வேண்டாம் என்று சொல்லித்தான் சம்பளத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு, பராமரிப்பு வேலைக்கும் கண்ணியமான தொழிலுக்குரிய உரிமைகள் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. அதை முன்வைத்து நாம் கேட்பது இவைதான்:

1. பராமரிப்பு இடங்களில் எந்த இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கு முன்னரும் அங்கு வேலை செய்வோருடன் பேச வேண்டும். மிச்சமாகும் நேரம் பிள்ளைகளுக்கும் நோயாளர்களுக்கும் போக வேண்டும். ஆட்குறைப்புக்குக் காரணமாகக் கூடாது.

2. பிள்ளைக் காம்பரா ஆயாமாருக்குப் பயிற்சியும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டும்.

3. வெளிநாடு செல்வோரின் ஒப்பந்தத்தில் எத்தனை பேரைப் பார்ப்பது, எத்தனை மணி நேரம், ஓய்வு நாள் எது, தூக்கும் கருவி உண்டா என்பவை அவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட வேண்டும்.

கையொப்பமிடுவதற்கு முன்னர் ஒப்பந்தத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். ஒக்டோபர் 29 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச பராமரிப்பு தினம். அதற்கு முன்னர் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஆயாமாரையும், வெளிநாடு சென்று திரும்பிய சகோதரிகளையும் அழைத்து, அவர்கள் சொல்வதை முதலில் கேட்கட்டும்.